உங்கள் கையில் இருந்த அதே புத்தகம்: துணைநூற்பட்டியல் எழுதத் தொடங்குவோருக்கு

ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களுக்கு வரும்போது பலரும் களைத்துப் போயிருப்பார்கள். இயல்கள் முடிந்துவிட்டன, நெறியாளர் திருத்திக் கொடுத்துவிட்டார், சமர்ப்பிக்க இன்னும் நாலு நாள்தான். துணைநூற்பட்டியலை ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம் என்று உட்காருவார்கள். பாதிப் புத்தகங்களை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தாயிற்று என்பது அப்போதுதான் உறைக்கும். எந்தப் பதிப்பு, எந்த ஊர், எந்த ஆண்டு என்று எதுவும் குறித்து வைத்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பட்டியல் எதற்கு என்பது எனக்கு உறைத்தது வேறு விதமாக. ஓர் ஆய்வேட்டில் மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’ நூலிலிருந்து ஒரு மேற்கோள் இருந்தது. அந்த இடத்தை முழுதாகப் படிக்க வேண்டியிருந்தது. அடிக்குறிப்பில் பக்க எண் உண்டு. பட்டியலிலோ ஆசிரியர் பெயர், நூல் பெயர், ‘சென்னை’, அவ்வளவுதான். அந்த நூல் முதலில் வந்தது 1940இல். பின்னால் அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் பல பதிப்பகங்கள் வெளியிட்டிருக்கின்றன. நூலகத்தில் கிடைத்த இரண்டு பதிப்புகளை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். இரண்டிலும் வேறு எதுவோ இருந்தது. கடைசியில் புத்தகத்தில் பாதியைப் படித்துத்தான் அந்த வரியைக் கண்டுபிடித்தேன். எழுதியவர் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் எனக்கு ஒரு பிற்பகல் மிச்சமாகியிருக்கும்.

ஆகவே கீழே வரும் ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் புரட்டிய அதே புத்தகம், அதே பக்கம், படிப்பவர் கைக்குக் கிடைக்குமா? காற்புள்ளியா முற்றுப்புள்ளியா என்ற சந்தேகமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதல் படி: அட்டையை விட்டுவிட்டு உள்ளே திறவுங்கள்

பட்டியலுக்கான விவரங்களை அட்டையிலிருந்து எடுக்காதீர்கள். அட்டை வடிவமைப்பாளர் இடத்துக்குத் தகுந்தபடி தலைப்பைச் சுருக்கியிருப்பார், துணைத்தலைப்பை விட்டிருப்பார். உள்ளே இருக்கும் தலைப்புப் பக்கமும் அதன் பின்பக்கமும்தான் ஆதாரம்.

தமிழ் நூல்கள் பலவற்றில் அந்தப் பின்பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு விவரம் கொடுத்திருப்பார்கள்: நூலின் பெயர், ஆசிரியர், பொருள், முதற்பதிப்பு, தாள், நூலின் அளவு, எழுத்தின் அளவு, பக்கங்கள், விலை, அச்சிட்டோர், வெளியிட்டோர். இதில் உங்களுக்கு வேண்டியவை ஐந்தாறுதான். ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, வெளியிட்டோர், ஊர், ஆண்டு. தாளும் விலையும் வேண்டாம்.

இந்தப் பக்கத்தில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘அச்சிட்டோர்’ வேறு, ‘வெளியிட்டோர்’ வேறு, ‘விற்பனை உரிமை’ வேறு. மூன்றுக்கும் மூன்று முகவரி இருக்கும். சிவகாசியில் அச்சாகி, மதுரையில் வெளியாகி, சென்னையில் விற்பனைக்கு வந்த புத்தகத்துக்கு ஊர் மதுரை. நீங்கள் எழுத வேண்டியது வெளியிட்டோரை மட்டுமே. பழைய நூல்கள் இதற்கு விலக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பதிப்பகம் என்று தனியாக ஒன்று பெரும்பாலும் கிடையாது. பதிப்பித்தவர் தாமே ஓர் அச்சுக்கூடத்தில் கொடுத்து அச்சிட்டுக்கொள்வார். உ. வே. சாமிநாதையரின் புறநானூற்றுப் பதிப்பு 1894இல் வெ. நா. ஜூபிலி அச்சுக்கூடத்தில் அச்சானது. அப்படிப்பட்ட நூலுக்கு அச்சுக்கூடத்தின் பெயரையே எழுத வேண்டியதுதான்.

இந்த இரண்டு பக்கங்களையும், நீங்கள் மேற்கோள் எடுக்கும் பக்கத்தையும் சேர்த்துப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால், அந்த மேசையிலேயே.

இரண்டாம் படி: பெயர்

இதில்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். உலகம் முழுக்கப் புழங்கும் நடைக் கையேடுகள் (மேற்கோளும் பட்டியலும் எழுதும் முறையைச் சொல்பவை) குடும்பப்பெயரை முன்னால் போடச் சொல்கின்றன. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. முன்னால் இருக்கும் எழுத்துகள் அப்பா பெயரும் ஊர்ப்பெயரும். கடைசியில் நிற்பது அவருடைய சொந்தப் பெயர். உ. வே. சாமிநாதையர் என்றால் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதையர். ஆகவே அவரைச் ‘சா’வில்தான் தேட வேண்டும்:

சாமிநாதையர், உ. வே.

தலைப்பெழுத்து வைத்திருக்கும் பெயர்களுக்கு இது சுலபம். பெயர் முன்னால், தலைப்பெழுத்து பின்னால். மயிலை சீனி. வேங்கடசாமி என்பதில் மயிலை ஊர், சீனி தந்தை. எனவே: வேங்கடசாமி, மயிலை சீனி.

திரு. வி. க.வின் பெயரில் பலர் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். ‘திரு’ என்பதை மரியாதைச் சொல் என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள். அது திருவாரூர். ‘வி’ விருத்தாசலம். பட்டியலில் கலியாணசுந்தரனார், திரு. வி. என்றுதான் வர வேண்டும். உண்மையிலேயே வெட்ட வேண்டியவை முனைவர், டாக்டர், பேராசிரியர், மகாமகோபாத்தியாய, புலவர் போன்ற பட்டங்கள். உங்கள் நெறியாளரின் நூலாகவே இருந்தாலும் ‘முனைவர்’ வேண்டாம். பட்டியலில் எல்லோரும் ஒன்றுதான். அது அவமரியாதை ஆகாது.

புனைபெயர் என்றால்? தலைப்புப் பக்கத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதுவே. புதுமைப்பித்தன் ‘பு’வில் வருவார், சொ. விருத்தாசலம் என்று மாற்ற வேண்டாம். அம்பை தம் கதைகளை அம்பை என்ற பெயரிலும் ஆய்வு நூல்களைச் சி. எஸ். லக்ஷ்மி என்ற பெயரிலும் வெளியிட்டிருக்கிறார். இரண்டையும் பயன்படுத்தியிருந்தால் இரண்டு இடங்களில் தனித்தனியாக வரட்டும். படிப்பவர் நூலகத்தில் தேடப் போவது அந்தப் பெயர்களில்தான்.

பெருமாள்முருகன் பெயர் இன்னொரு விதம். தமிழில் அவர் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுகிறார், எனவே தமிழ்ப் பட்டியலில் ‘பெ’வில் அப்படியே வைக்க வேண்டியதுதான். ஆங்கிலத்தில் வந்த மொழிபெயர்ப்புகளில் அவர் பெயர் இரண்டு சொல்லாக இருக்கிறது, ஆங்கிலக் கையேட்டின்படி முருகன் முன்னால் போய்விடுகிறார். ஒரே ஆய்வேட்டில் தமிழ் நூலும் ஆங்கில நூலும் பயன்படுத்தும்போது இந்த வேறுபாடு வரத்தான் செய்யும். அதை வலிந்து ஒன்றாக்க வேண்டாம். ஆனால் ஒரே மொழிப் பட்டியலுக்குள் ஒழுங்கு வேண்டும். கா. சிவத்தம்பி சில நூல்களில் கார்த்திகேசு சிவத்தம்பி என்று அச்சாகியிருப்பார். இங்கே ஆள் ஒருவர், பெயர் ஒன்று, சுருக்கம்தான் வேறு. இதை மட்டும் ஒரே வடிவமாக்கி ஓரிடத்தில் வையுங்கள். எஸ். வையாபுரிப்பிள்ளை, ச. வையாபுரிப்பிள்ளை என்று இருவர் இருப்பது போலத் தோன்றும் பட்டியல்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, இளைய தலைமுறை ஆசிரியர்கள் இப்போது தலைப்பெழுத்துக்குப் பதிலாக அப்பா பெயரை முழுதாகப் பின்னால் எழுதுகிறார்கள். ‘கவிதா சண்முகம்’ என்று ஒரு பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். சண்முகம் அப்பா பெயரா, கணவர் பெயரா, அவரே குடும்பப்பெயராக ஏற்றுக்கொண்டதா என்பது நமக்குத் தெரியாது. தமிழ்ப் பட்டியலில் நான் இப்படிப்பட்ட பெயரைத் திருப்பாமல், அச்சில் உள்ளபடியே ‘க’வில் வைப்பேன். ஆங்கிலப் பட்டியலில் கையேடு சொல்கிறபடி பின்பெயரை முன்னால் போடுவேன். உங்கள் துறை வேறு முறையைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே முறையாக இருக்க வேண்டும் என்பதுதான் கட்டாயம்.

மூன்றாம் படி: தலைப்பு

தலைப்பை அச்சில் உள்ளபடி எழுதுங்கள். ‘சரித்திரம்’ என்று இருந்தால் ‘வரலாறு’ ஆக்க வேண்டாம். ஒற்று மிகாமல் அச்சிட்டிருந்தால் நீங்கள் மிகுக்கவும் வேண்டாம். திருத்த வேண்டும் என்று கை துடிக்கும். ஆனால் நூலகப் பட்டியலில் அது அந்த எழுத்துக்கூட்டலில்தான் பதிவாகியிருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணை, லை, னா போன்றவற்றுக்குப் பழைய வடிவங்கள் இருக்கும். அவற்றை இன்றைய வடிவத்தில் தட்டச்சு செய்யலாம். அங்கே மாறுவது எழுத்தின் உருவம்தான், எழுத்துக்கூட்டல் அல்ல.

துணைத்தலைப்பு இருந்தால் முக்காற்புள்ளி போட்டுச் சேர்த்துவிடுங்கள்.

ஆங்கிலக் கையேடுகள் நூல் தலைப்பைச் சாய்வெழுத்தில் போடச் சொல்லும். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்கு முறையான சாய்வு வடிவம் கிடையாது. கணினி நேர் எழுத்தையே பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது, சுழிகளும் கொம்புகளும் கோணலாக நிற்கின்றன. பல்கலைக்கழக விதிமுறை கட்டாயப்படுத்தாவிட்டால் தமிழ் நூல் தலைப்புக்குத் தடித்த எழுத்தே நல்லது. கட்டுரைத் தலைப்புக்கு ஒற்றை மேற்கோள்குறி.

நான்காம் படி: பதிப்பும் ஆண்டும்

தமிழ்ப் பதிப்புலகில் ‘பதிப்பு’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. ஆசிரியர் திருத்தி, சேர்த்து, புதிதாகக் கொண்டுவருவதும் பதிப்பு. பழைய பக்கங்களையே இன்னொரு ஆயிரம் படி அடிப்பதையும் ‘ஐந்தாம் பதிப்பு’ என்று போட்டுவிடுவார்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தது. 2008இல் வந்த இரண்டாம் பதிப்பும் 2020இல் வந்த மூன்றாம் பதிப்பும் விரிவாக்கித் திருத்தியவை. ஒரு சொல்லுக்குப் பொருள் காட்டினால் எந்தப் பதிப்பிலிருந்து என்று சொல்லியே ஆக வேண்டும். வெறும் மறு அச்சு என்றால் பக்க எண் மாறாது, உள்ளடக்கமும் மாறாது. ஆனால் அது வெறும் மறு அச்சுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க எல்லோருக்கும் வாய்ப்பு அமையாது. அதனால் நீங்கள் புரட்டிய புத்தகத்தில் உள்ள பதிப்பு எண்ணையும் ஆண்டையும் எழுதிவிட்டு, முதற்பதிப்பின் ஆண்டு தெரிந்தால் அடைப்பில் சேர்த்துவிடுங்கள். இரண்டாம் பதிப்பு, (மு. ப. 1940) என்கிற மாதிரி. வரலாறு எழுதுகிறவர்களுக்கு அந்த முதல் ஆண்டு ரொம்ப முக்கியம். 1940இல் சொன்ன கருத்தை அண்மைக் காலத்தில் சொன்னதாகக் காட்டிவிடக் கூடாது அல்லவா?

பழைய நூல்களில் ஆண்டைப் படிப்பதே ஒரு வேலை. தலைப்புப் பக்கத்தின் அடியில் ‘ஜய ௵’ என்று மட்டும் இருக்கும். ௵ என்பது வருஷத்துக்கான குறி. ஜய ஆண்டு 1894 ஏப்ரலில் தொடங்கி 1895 ஏப்ரலில் முடிந்தது. ஆனால் அறுபது ஆண்டுச் சுற்று என்பதால் 1834இலும் 1954இலும் ஜய ஆண்டு வந்திருக்கிறது. அச்செழுத்து, தாள், முன்னுரையில் பேசும் செய்திகள் இவற்றை வைத்து எந்தச் சுற்று என்று முடிவு செய்து, ஆங்கில ஆண்டைச் சதுர அடைப்பில் எழுதுங்கள்: ஜய [1894]. நீங்கள் கணக்கிட்டுச் சொன்னது அது, நூலில் அச்சானது அல்ல என்று சதுர அடைப்பு சொல்லிவிடும். கலியாண்டு கொடுத்திருந்தால் 3101ஐக் கழியுங்கள். சக ஆண்டோடு 78ஐக் கூட்டுங்கள். திருவள்ளுவர் ஆண்டிலிருந்து 31ஐக் கழியுங்கள். தி.பி. 2020 என்று போட்டிருக்கும் நூலை 2020இல் வந்ததாக எழுதிவிடுவது எளிதில் நேரும் பிழை. அது 1989. ஆண்டுத் தொடக்கம் ஒத்துப்போகாததால் சில மாதங்களுக்கு ஓராண்டு முன்பின் ஆகலாம், மாதமும் அச்சாகியிருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டே இல்லையென்றால் ஆ. இ. என்று எழுதுங்கள். காலியாக விட்டால் நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று பொருளாகும்.

ஊர் விஷயத்தில் உலக வழக்கு மாறிவிட்டது. அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் வெளியிடும் எம்எல்ஏ கையேடு 2016இல் வந்த எட்டாம் பதிப்பிலும், அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ கையேடு 2019இல் வந்த ஏழாம் பதிப்பிலும், சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தின் சிகாகோ கையேடு 2024இல் வந்த பதினெட்டாம் பதிப்பிலும் ஊர்ப்பெயரைக் கைவிட்டுவிட்டன. எம்எல்ஏவிலும் சிகாகோவிலும் பழைய நூல்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பெரிய பதிப்பகங்களுக்கு அது சரி. நம்மிடம் ஒரு சிற்றூரில் ஒருவரே நடத்தி, நாலு புத்தகம் போட்டு நின்றுபோன பதிப்பகங்கள் ஏராளம். ஊர்ப்பெயர் இல்லாவிட்டால் அதைத் தேடத் தொடங்கக்கூட வழி இருக்காது. உங்கள் துறை தடுக்காதவரை ஊரை எழுதுங்கள். பதிப்பகப் பெயரைப் பார்த்து ஊரை ஊகிக்காதீர்கள். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் முழுப்பெயர் ‘திருநெல்வேலி’ என்று தொடங்கும், சென்னை முகவரியும் நூலில் இருக்கும். இரண்டு ஊர் அச்சாகியிருந்தால் முதலில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். லிமிடெட், பிரைவேட் போன்ற சொற்களை விட்டுவிடலாம்.

ஐந்தாம் படி: சேர்த்து எழுதுவது

ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். தொ. பரமசிவன் எழுதிய ‘அழகர் கோயில்’. முனைவர் பட்டத்துக்காக அவர் செய்த ஆய்வு, மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் நூலாக வெளியிட்டது. தமிழ்த் துறைகளில் பரவலாக இருக்கும் வழக்கப்படி எல்லாவற்றையும் காற்புள்ளியால் பிரிப்பார்கள்:

பரமசிவன், தொ., அழகர் கோயில், மதுரை காமராசர் பல்கலைக்கழகம், மதுரை, 1989.

ஏபிஏ நடையில் ஆண்டு பெயருக்குப் பக்கத்தில் வந்துவிடும்:

பரமசிவன், தொ. (1989). அழகர் கோயில். மதுரை காமராசர் பல்கலைக்கழகம்.

எம்எல்ஏ நடையில் ஆண்டு கடைசிக்குப் போகும்:

பரமசிவன், தொ. அழகர் கோயில். மதுரை காமராசர் பல்கலைக்கழகம், 1989.

சிகாகோவின் அடிக்குறிப்பு முறையில், ஊரோடு:

பரமசிவன், தொ. அழகர் கோயில். மதுரை: மதுரை காமராசர் பல்கலைக்கழகம், 1989.

நான்கிலும் செய்தி ஏறக்குறைய ஒன்றுதான், அடுக்குதான் வேறு. ஏபிஏ சமூக அறிவியலில் வளர்ந்தது. அங்கே ஆய்வு எவ்வளவு புதியது என்பது முக்கியம், அதனால் ஆண்டு முன்னால் நிற்கிறது. எம்எல்ஏ இலக்கியத்துக்கானது. அங்கே முதலில் பார்ப்பது ஆசிரியரையும் நூலையும். எந்த நடை என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. துறையில் கேளுங்கள், இல்லையென்றால் இதழின் கட்டுரையாளர் குறிப்பைப் பாருங்கள். ‘ஏபிஏ’ என்று மட்டும் சொன்னால் எத்தனையாவது பதிப்பு என்றும் கேளுங்கள்.

உரைக்குள் சுட்டும்போது ஏபிஏவில் (பரமசிவன், 1989, ப. 45) என்றும், எம்எல்ஏவில் (பரமசிவன் 45) என்றும் வரும். அடிக்குறிப்பில் பெயரைத் திருப்ப வேண்டியதில்லை: தொ. பரமசிவன், அழகர் கோயில், ப. 45. அகரவரிசையில் தேடுவதற்காகத்தான் பட்டியலில் திருப்புகிறோம், அடிக்குறிப்புக்கு அந்தத் தேவை கிடையாது. ஒரு பக்கம் என்றால் ப., பல பக்கம் என்றால் பக்.

முந்தைய அடிக்குறிப்பில் சொன்ன அதே நூல் என்பதற்கு ‘மேலது’ போடும் பழக்கம் நம் ஆய்வேடுகளில் நிறைய உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது அதைப் போடவே வேண்டாம் என்பேன். நெறியாளர் ஒரு பத்தியை வெட்டி வேறிடத்தில் ஒட்டச் சொல்வார். அப்போது ‘மேலது’ வேறொருவரின் நூலைச் சுட்டத் தொடங்கிவிடும், கண்ணுக்கும் படாது. ஆசிரியர் பெயரும் சுருக்கத் தலைப்புமாக எழுதிவிடுங்கள். துறை கேட்டால் கடைசித் திருத்தத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

ஒருவருக்கு மேல் உழைத்த நூல்கள்

பதிப்பாசிரியர், தொகுப்பாசிரியர், உரையாசிரியர், மொழிபெயர்ப்பாளர் என்று நம் நூல்களில் பலர் கை வைத்திருப்பார்கள். யாரை முன்னால் போடுவது? நீங்கள் எதை மேற்கோள் காட்டுகிறீர்களோ அதை எழுதியவரை. மொழிபெயர்ப்பு நூலில் மூல ஆசிரியர் முன்னால் வருவார், மொழிபெயர்த்தவர் பெயர் தலைப்புக்குப் பின்னால் ‘மொ. பெ.’ என்ற குறிப்போடு. அந்தப் பெயரை விட்டுவிடாதீர்கள். நீங்கள் மேற்கோள் காட்டும் சொற்கள் அவருடையவை.

தொகுப்பு நூலில் ஒரு கட்டுரையை மட்டும் பயன்படுத்தினால் கட்டுரையாளர் பெயரில் பதிவு வர வேண்டும். கட்டுரைத் தலைப்பு, தொகுப்பின் தலைப்பு, பதிப்பாசிரியர் (ப. ஆ.), பதிப்பகம், ஆண்டு, கட்டுரை எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை. தொகுத்தவர் பெயரில் மட்டும் எழுதிவிட்டுக் கட்டுரை எழுதியவரை மறைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. எழுதியவருக்குச் செய்யும் அநியாயம் அது.

பல தொகுதி நூல்களுக்குத் தொகுதி எண்ணும் அந்தத் தொகுதியின் ஆண்டும் வேண்டும். பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகள், 1954 முதல் 1968 வரை வந்தது. மூன்றாம் தொகுதியில் படித்ததை ‘கலைக்களஞ்சியம், 1954’ என்று எழுதினால் படிப்பவர் முதல் தொகுதியைத் திறந்து ஏமாறுவார்.

இரண்டு ஆசிரியர் என்றால் இருவரையும் எழுதுங்கள். மூவரோ மேலோ என்றால் எம்எல்ஏவில் முதல்வரை எழுதி ‘மற்றும் பிறர்’ போடலாம். ஏபிஏ பட்டியலில் இருபது பேர் வரை எல்லோரையும் எழுதச் சொல்கிறது.

சங்க இலக்கியமும் குறளும்

புறநானூற்றுக்கு ஆசிரியர் யார் என்று எழுதுவது? நூல் பெயரிலேயே பதிவு செய்து, பதிப்பாசிரியரைப் பின்னால் போடுங்கள்:

புறநானூறு மூலமும் உரையும். ப. ஆ. உ. வே. சாமிநாதையர். சென்னை: வெ. நா. ஜூபிலி அச்சுக்கூடம், 1894.

உரைக்குள் பாடலைச் சுட்டும்போது பக்க எண் வேண்டாம். புறம். 192 என்றால் எந்தப் பதிப்பை எடுத்தாலும் கணியன் பூங்குன்றனார் பாட்டில் போய் நிற்கலாம். குறளுக்கும் அப்படியே, குறள் எண் போதும். நம் முன்னோர் பாட்டுக்கு எண் கொடுத்து வைத்தது இன்றைய எந்தக் கையேட்டையும்விட நல்ல ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றும். உரையிலிருந்தோ பதிப்பாசிரியரின் முன்னுரையிலிருந்தோ எடுத்தால் மட்டும் பக்க எண் கட்டாயம். அப்போது உரையாசிரியர் பெயரும் வர வேண்டும். முன்னுரைப் பக்கங்களில் சில நூல்களில் தமிழ் எண்கள் இருக்கும். ப. ௧௨ என்று அச்சாகியிருந்தால் அப்படியே எழுதுங்கள். 12 என்று மாற்றினால் நூலின் உள்ளே வரும் பன்னிரண்டாம் பக்கத்தோடு குழம்பிவிடும்.

திரையில் படித்த நூல்

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஈழத்து நூல்களுக்கான நூலகம் தளத்திலும் அச்சு நூலின் படப்பக்கங்கள் கிடைக்கின்றன. படித்தது திரையில் என்றாலும் அது அச்சு நூல்தான். முழு விவரத்தையும் அச்சு நூலுக்கு எழுதுவது போலவே எழுதி, கடைசியில் தளத்தின் பெயரையும் முகவரியையும் சேருங்கள். கோப்பு காட்டும் பக்க எண்ணை எழுதிவிடாதீர்கள். அட்டை, தலைப்புப் பக்கம், முன்னுரை எல்லாம் சேர்ந்து கோப்பில் 37ஆம் பக்கம் என்று காட்டும் இடத்தில், அந்தத் தாளின் மூலையில் 21 என்று அச்சாகியிருக்கும். எழுத வேண்டியது 21.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் இருப்பவை தட்டச்சு செய்த மின்பதிப்புகள். அங்கே அச்சுப் பக்க எண் பெரும்பாலும் இருக்காது. அதை அச்சு நூலாகக் காட்டாமல் மின்பதிப்பு என்றே எழுதுங்கள், பாடல் எண்ணோ இயல் எண்ணோ கொடுங்கள். முடிந்தால் முக்கியமான மேற்கோள்களை அச்சுப் பதிப்போடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

அகரவரிசை

பட்டியலை முதன்மை நூல்கள், துணைமை நூல்கள் என்று பிரிப்பதா, தமிழ், ஆங்கிலம் என்று பிரிப்பதா என்பதைத் துறை சொல்லிவிடும். ஆங்கில நூல்களை ஆங்கில எழுத்திலேயே தனிப் பிரிவாக எழுதுங்கள். தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதினால் நூலகத்தில் தேட முடியாது.

தமிழ்ப் பிரிவை அடுக்கும்போது கணினியை முழுதாக நம்பாதீர்கள். நம் நெடுங்கணக்கில் ய ர ல வ ழ ள ற ன என்று போகும், கிரந்த எழுத்துகள் அதற்குப் பின்னால். கணினி எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கும் யூனிகோடு குறியெண் வரிசையிலோ ஜ என்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் இருக்கிறது. ன, ந-வை ஒட்டி வந்துவிடுகிறது, ற ர-வை ஒட்டி வருகிறது. வெறும் குறியெண் வரிசையில் அடுக்கும் மென்பொருளில் ஜெயகாந்தன் ஞானக்கூத்தனுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். சொல்லின் நடுவிலும் இது நடக்கும். புள்ளி வைத்த எழுத்து முதலில் வர வேண்டியது கடைசிக்குப் போய்விடும். ஐம்பது அறுபது பதிவுதானே, அச்சிட்டு வைத்துக்கொண்டு கையால் சரிபார்த்துவிடலாம். ஒரே ஆசிரியரின் பல நூல்கள் என்றால் ஆண்டு வரிசை. ஒரே ஆண்டில் இரண்டு வந்திருந்தால் 1985அ, 1985ஆ.

நூல் விவரங்களைச் சேமித்துப் பட்டியலாக்கித் தரும் ஜோட்டெரோ (Zotero) போன்ற இலவச மென்பொருளைத் தொடக்கத்திலிருந்தே பயன்படுத்தினால் கடைசி நேர ஓட்டம் குறையும். அதில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். கடைசிப்பெயர்க் கட்டத்தில் சாமிநாதையர், முதற்பெயர்க் கட்டத்தில் உ. வே. என்று இடுங்கள். புதுமைப்பித்தன், பெருமாள்முருகன், பல்கலைக்கழகம் போன்ற ஒற்றைப் பெயர்களுக்குப் பக்கத்திலேயே உள்ள பொத்தானை அழுத்தி ஒரே கட்டமாக மாற்றிக்கொள்ளலாம். நூலின் பன்னாட்டுத் தர எண்ணை (ISBN) இட்டால் விவரங்களை அதுவே இழுத்துக்கொண்டு வரும். தமிழ் நூல்களுக்கு அப்படி வருவது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் வரும், சிலசமயம் தவறாகவும் வரும். தலைப்புப் பக்கத்தைப் பார்த்து நீங்களே தட்டச்சு செய்வதுதான் பத்திரம். பதிப்பாசிரியர், பக்கம் என்பவற்றுக்கு ஆங்கிலச் சுருக்கங்கள் வந்து விழுந்தால் கடைசியில் கையால் மாற்றுங்கள். அந்த ISBN எண்ணைப் பட்டியலில் எழுத வேண்டியதில்லை.

சமர்ப்பிக்கும் முன்

ஆய்வேட்டை அச்செடுத்துக்கொள்ளுங்கள், ஒரு பென்சிலும். முதல் இயலிலிருந்து ஒவ்வொரு அடிக்குறிப்பாகப் பார்த்து, அந்த நூல் பட்டியலில் இருக்கிறதா என்று டிக் போடுங்கள். முடிந்ததும் பட்டியலில் டிக் விழாத பதிவுகளைப் பாருங்கள். துறை ‘மேற்கோள் நூல்கள்’ என்று கேட்டிருந்தால் அவை போக வேண்டும். ‘துணைநூற்பட்டியல்’ என்றால், உண்மையிலேயே படித்தவை மட்டும் இருக்கலாம். ஒருவர் மேற்கோள் காட்டியதை அவர் நூலிலிருந்து எடுத்திருந்தால், மூல நூலைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ‘மேற்கோள்: பரமசிவன், 1989’ என்று இடைநூலைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் பட்டியலில் ஏதாவது ஐந்து பதிவுகளை ஒரு தாளில் எழுதி, உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒரு நண்பரிடம் கொடுத்து நூலகத்துக்கு அனுப்புங்கள். ஐந்து புத்தகத்தையும் அவர் எடுத்துக்கொண்டு வந்து, நீங்கள் சொன்ன பக்கத்தைத் திறந்து, நீங்கள் மேற்கோள் காட்டிய வரியில் விரல் வைத்துவிட்டால் ஆய்வேட்டைப் பைண்டிங்குக்குக் கொடுத்துவிடலாம். ஒன்றில் தடுமாறினாலும் அந்தப் பதிவை எழுதியபோது எதை விட்டீர்கள் என்று பார்த்து, அதே மாதிரி எழுதிய மற்றவற்றையும் திருத்துங்கள்.